ஒர்க்‌ஷாப்பில் ரத்தம் சிந்திய அன்று

ஃபிட்டர் பயிற்றுநர்:

எங்கள் ஐடிஐ-யில் எச்ஐவி விழிப்புணர்வு என்றால் டிசம்பர் 1 அன்று ஓர் உறுதிமொழி, கையில் ஒரு நோட்டீஸ், அப்புறம் டீ. பல வருடம் நானும் அப்படித்தான் நடத்தினேன்.

ஒருநாள் முதலாமாண்டுப் பையன் ஒருவன் ஹாக்சாவில் தகடு அறுக்கும்போது உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டான். வைஸ் மேலெல்லாம் ரத்தம். யாருக்காவது அடிபட்டால் பத்துப் பேர் ஓடிவரும் இடம் அது. அன்று ஒருவரும் கிட்டே வரவில்லை. "சார், அவங்க அப்பா அந்த நோய்லதான் செத்தாராம்" என்று ஒருவன் என் காதோரம் சொன்னான். நானும் ஒரு நொடி தயங்கி நின்றேன். அதற்குள் அந்தப் பையன் தன் சட்டையைக் கழற்றித் தானே கையில் சுற்றிக்கொண்டான். அந்தக் காட்சி இன்றும் மனதை அறுக்கிறது.

தையல் போட்டு அழைத்து வந்த கையோடு, அரசு மருத்துவமனையில் எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்து ஆலோசகரிடம் போய் நின்றேன். மறுவாரமே வந்தார். மைக் வேண்டாம், ஒரு காலி டப்பா போதும் என்றார். வெல்டிங் ராடு டப்பாவைக் கொடுத்தேன். எல்லோரும் சீட்டு எழுதிப் போட வேண்டும், பெயர் போடக் கூடாது. கேட்க ஒன்றுமில்லை என்றால் 'கேள்வி இல்லை' என்று எழுத வேண்டும். யார் எழுதினார், யார் எழுதவில்லை என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது பாருங்கள், அதுதான் அதன் அருமை.

கொசு கடித்தால் வருமா, திருவிழாவில் பச்சை குத்திக்கொண்டேனே, சலூனில் பழைய பிளேடு போட்டால் என்ன ஆகும் என்று வரிசையாக வந்தன. நடுவில் ஒரு சீட்டு: 'எங்க அம்மா தினமும் அந்த மாத்திரை போடுறாங்க. அவங்க சமைச்சதை நான் சாப்பிடலாமா?'

நம்பிக்கை மைய ஆலோசகர்:

அந்தச் சீட்டைப் படித்ததும் நான் தலையை நிமிர்த்தவே இல்லை. நிமிர்ந்தால் ஏதோ ஒரு முகத்தில் கண் நின்றுவிடும். "தாராளமா சாப்பிடலாம், அம்மா தட்டிலேயே சாப்பிடலாம்" என்றேன். எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசம். விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் சோதனைக்கே தெரியாத அளவுக்குக் குறைந்த நிலையில் இருந்தால் உடலுறவு வழியாகக்கூடப் பரவாது. இதைச் சொன்னபோது அறையில் சத்தமே இல்லை.

எங்கள் வயதுக்காரர்களுக்குப் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' விளம்பரம் நினைவிருக்கும். ஊரே பேசியது. இந்தப் பிள்ளைகள் பலர் அப்போது பிறக்கவே இல்லை. இவர்களிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒர்க்‌ஷாப்புக்கு நான் சொன்னது ஒரே விதிதான்: ரத்தம் யாருடையதாக இருந்தாலும் கையுறை, தரையில் பிளீச்சிங் கரைசல். ஆள் பார்த்துக் கையுறை போட்டால் அதுவே ஊருக்குச் சேதி சொல்லிவிடும். அடுத்தவர் ரத்தம் நம் வெட்டுக்காயத்தில் பட்டுவிட்டால் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். தேவைப்பட்டால் தடுப்பு மருந்து தருவார்கள். அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

முன்னாள் மாணவர், எலக்ட்ரீஷியன்:

அந்த வகுப்பில் நானும் இருந்தேன். பிறகு வேலைக்குப் போன இடத்தில் மெடிக்கல் பட்டியலில் எச்ஐவி சோதனையும் இருந்தது. வேலை தருவதற்கு இந்தச் சோதனையை நிபந்தனையாக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதாக ஆலோசகர் அன்று சொன்னது நினைவுக்கு வந்தது. கைநடுக்கத்தோடுதான் கேட்டேன். அந்த வரியை அடித்துவிட்டார்கள். சந்தேகம் இருப்பவர்கள் 1097-க்குப் பேசலாம், கட்டணம் இல்லை.

ஃபிட்டர் பயிற்றுநர்:

இப்போது எங்கள் முதலுதவிப் பெட்டியில் கையுறை தீர்வதற்குள் வாங்கி வைத்துவிடுகிறேன். பெண்கள் படிக்கும் தையல் பிரிவிலும் இந்த டப்பாவை வைக்க ஆசை. அங்கே யாராவது நடத்தியிருந்தால், எப்படித் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள்.