உதவி: ‘தலஸ்ஸ’வுக்கு ஆறாம் வேற்றுமை -ஆஸ்ஸா, -ஏஸ்ஸா?

அலைமகன்: கிரேக்கத்துல ‘கோரா’ (நாடு) → ‘கோராஸ்’. அதே மாதிரி ‘தலஸ்ஸ’ (கடல்) → ‘தலஸ்ஸாஸ்’னு போட்டா ஆப் சரிங்குது, புத்தக விடையில ‘தலஸ்ஸேஸ்’னு இருக்கு. எது தப்பு? அவசரம்.

ஓமேகா: புத்தகம் பழங்கிரேக்கமா, இன்றையதா? ஆப்?

குறில்நெடில்: அழுத்தக்குறியைப் பாருங்க. கடைசியிலிருந்து மூன்றாம் அசையில் இருந்தா ஈற்று அகரம் குறில். குறில்னா -ஏஸ்.

பழஞ்சுவடி: தப்பு. ‘கெஃபூர’ (பாலம்) ஈறும் குறில்தான், ஆனால் கெஃபூராஸ். முதல் வாய்பாட்டைக்கூடப் புரட்டாமல் இழை தொடங்குகிறார்கள், பதிலும் சொல்கிறார்கள். அட்டிக் (பழைய ஏதென்ஸ்) வழக்கில் ஈற்றுக்கு முன் எ, இ, ர் இருந்தால் ஆ நிற்கும்: ஹேமெராஸ், கோராஸ். மற்ற இடத்தில் ஆறிலும் நான்கிலும் ஏ: தலஸ்ஸேஸ், தொக்ஸேஸ். இரண்டாம் வேற்றுமை மாறாது, தலஸ்ஸன். ஆறில் ஈறு நெடிலாவதால் அழுத்தம் ஓர் அசை ஈற்றை நோக்கி நகரும். அதையும் கோட்டை விடாதீர்கள்.

ஓமேகா: ஆப் இன்றைய கிரேக்கமா இருக்கும். அங்கே எழுவாயில் உள்ள உயிரே ஆறிலும் வரும், அதனால் அகரம்தான். இன்னொரு பொறி: இன்றைய பன்மை ‘தலஸ்ஸெஸ்’, குறில் எ, எப்சிலான். பழைய ஒருமை ஆறாம் வேற்றுமையில் நெடில் ஏ, ஏட்டா. எழுத்தைப் பார்த்துப் படிங்க.

டோரியன்: விதி ‘ர்’னா ‘கொரே’ (பெண்) ஏன் ‘கொரா’ ஆகலை?

பழஞ்சுவடி: அது முன்பு ‘கொர்வே’. நடுவில் டிகம்மா, அதாவது வகரம். அது விழுவதற்குள் விதி முடிந்துவிட்டது.

டோரியன்: அப்போ ‘நெவா’விலிருந்து வந்த ‘நெஆ’ (புதியவள்)? அங்கேயும் வகரம் இருந்ததே. ஆ மாறாமலே நின்றதுன்னா இது ‘நெஏ’ ஆகியிருக்கணும். அதனால முதல்ல எல்லா ஆவும் ஏ ஆகி, பிறகு எ, இ, ர் பக்கத்தில் திரும்பிடுச்சு. ரகரத்துக்குப் பின் வகரம் விழும் முன்பே, எகரத்துக்குப் பின் விழுந்த பிறகு.

பழஞ்சுவடி: இரண்டு தடவை திரும்பியதா? வசதியான கதை.

டோரியன்: ஒரே தடவைன்னா கொரே, நெஆ ரெண்டையும் சேர்த்து விளக்குங்க.

சுவிசேஷம்: புதிய ஏற்பாடு படிக்கிறவங்க கவனிக்க: கொய்னேயில் (அந்த நூலின் பொதுக் கிரேக்கம்) சில சொற்களில் ரகரத்துக்குப் பின்னும் ஏ வரும். ‘மகைர’ (வாள்) → மகைரேஸ். அட்டிக்கில் மகைராஸ்.

அலைமகன்: புத்தகம் பழசு, ஆப் புதுசு. ஏட்டா போட்டாச்சு. நன்றி.

டோரியன்: பழஞ்சுவடி, ‘நெஆ’ பாக்கி.