வெப்சாக்கெட் ஒரு நிமிடத்தில் அறுந்துவிடுகிறது: லோக்கலில் பிரச்சினை இல்லை, சர்வரில் மட்டும்

டோக்கன்பலகை:

வணக்கம். ஒரு சிறிய கிளினிக்குக்கு டோக்கன் பலகை செய்து கொடுத்திருக்கிறேன். டாக்டர் அறையில் ‘அடுத்தவர்’ பொத்தானை அழுத்தினால் ஹாலில் இருக்கும் டிவியிலும் ரிசப்ஷன் கணினியிலும் எண் உடனே மாற வேண்டும். அதனால் வெப்சாக்கெட், அதாவது பிரவுசரும் சர்வரும் இரு பக்கமும் பேச எப்போதும் திறந்தே இருக்கும் இணைப்பு. சர்வரில் உபுண்டு, நோட் ஜேஎஸ், ‘டபிள்யூஎஸ்’ லைப்ரரி. முன்னால், வரும் கோரிக்கைகளை வாங்கி நோடுக்குக் கடத்தும் என்ஜின்எக்ஸ், எச்டிடிபிஎஸ்ஸுக்கு லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்.

என் லேப்டாப்பில் நாள் முழுக்க விட்டாலும் இணைப்பு அசையாமல் நிற்கிறது. சர்வரில் ஏற்றினால்தான் வினை. கூட்டம் இருக்கும்போது ஒழுங்காக ஓடுகிறது. டாக்டர் ஒருவரையே நீண்ட நேரம் பார்த்தால், அதற்கப்புறம் டிவியில் எண் மாறுவதில்லை. பிரவுசர் கன்சோலில் மூடல் எண் 1006 என்று வருகிறது, காரணம் காலி. சும்மா விட்டுப் பார்த்தால் சரியாக ஒரு நிமிடத்தில் அறுகிறது. நோட் லாகில் பிழை ஏதும் இல்லை. இணைப்பைத் தொடங்கும் ஹேண்ட்ஷேக்கில் 101 (வெப்சாக்கெட்டுக்கு மாறச் சம்மதம்) வருகிறது. ஃபயர்வாலா, சான்றிதழா, எங்கிருந்து தேடுவது?

பின்கதவு:

101 வந்துவிட்டது என்றால் சான்றிதழ், ஃபயர்வால் இரண்டையும் விட்டுவிடுங்கள். கதவு திறந்து உள்ளே போனபிறகு யாரோ வெளியே தள்ளுகிறார்கள். யார் என்பதை அந்த ‘சரியாக ஒரு நிமிடம்’ சொல்லிவிடுகிறது: என்ஜின்எக்ஸ்.

அதில் ‘ப்ராக்ஸி ரீட் டைம்அவுட்’ என்று ஓர் அமைப்பு உண்டு. நீங்கள் எழுதாவிட்டால் அதன் மதிப்பு 60 வினாடி. பின்னால் இருக்கும் நோட் அவ்வளவு நேரம் ஒரு பைட்கூட அனுப்பாவிட்டால், இணைப்பு செத்துவிட்டது என்று முடிவுகட்டி மூடிவிடும். சாதாரண வலைப்பக்கத்துக்கு அது நியாயம்தான். வெப்சாக்கெட்டில் பேச எதுவும் இல்லாமல் சும்மா இருப்பதும் இயல்பு என்பதால் அடிபடுகிறது. கூட்டம் இருந்தால் எண் அடிக்கடி மாறுகிறது, ஒவ்வொரு முறையும் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. லேப்டாப்பில் நடுவில் என்ஜின்எக்ஸ் இல்லை, ஆகவே அறுக்க ஆளில்லை.

1006ஐப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அந்த எண்ணை யாரும் உங்களுக்கு அனுப்பவில்லை. வெப்சாக்கெட்டின் விதிநூலான ஆர்எஃப்சி 6455 (டிசம்பர் 2011) அதை வயர் வழியாக அனுப்பவே கூடாது என்கிறது. முறையான விடைபெறும் ஃப்ரேம் (செய்தித் துண்டு) வராமல் இணைப்பு போய்விட்டால், பிரவுசர் தானே எழுதிக்கொள்ளும் குறிப்பு அது. முறையாக மூடினால் 1000, பக்கத்தை விட்டுப் போனால் 1001.

உறுதிசெய்ய வேண்டுமா? சர்வருக்குள் நுழைந்து, ‘டபிள்யூஎஸ்கேட்’ கருவியால் நோட் போர்ட்டுக்கு நேராக இணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அறுந்திருக்காது.

வாலுப்பையன்:

டைம்அவுட்டை ஒரு நாள் என்று போட்டுவிட்டு வேலையைப் பாருங்க சார். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பின்கதவு:

தம்பி, அது வலியை மறைக்கும் மாத்திரை. ஹாலில் யாரோ டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டால் சர்வருக்குத் தகவலே போகாது. அந்த இணைப்பு உயிரோடு இருப்பதாகவே நோட் நினைத்துக்கொண்டிருக்கும். நடுவில் இருக்கும் ரவுட்டர்களும் சும்மா கிடக்கும் இணைப்பைத் தங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். நாளைக்கு அமேசானின் ஏஎல்பி போன்ற லோட் பேலன்சர் (பல சர்வர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பது) முன்னால் வந்தால், அதிலும் இயல்பு மதிப்பு 60 வினாடிதான். ஒவ்வொரு இடமாக நீட்டிக்கொண்டே போக முடியாது. இதயத்துடிப்பு வேண்டும், அதாவது ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று அவ்வப்போது ஒரு சின்ன செய்தி.

டோக்கன்பலகை:

நேராக இணைத்தேன், அறுபடவில்லை. என்ஜின்எக்ஸ்தான்.

பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்டின் செட்இன்டர்வல் டைமர் போட்டு 45 வினாடிக்கு ஒருமுறை ஒரு சின்ன செய்தி அனுப்பி, சர்வர் அதற்குப் பதில் சொல்லுமாறு செய்துவிட்டேன். டிவியில் இப்போது பிரச்சினை இல்லை. ஆனால் ரிசப்ஷனில் இன்னும் அறுகிறது, அதுவும் எப்போதும் இல்லை, சில நேரம் மட்டும். இரண்டிலும் ஒரே கோட், ஒரே குரோம், ஒரே வைஃபை.

மேற்குமாம்பலம்:

ரிசப்ஷனில் உங்கள் பக்கம் திறந்தே முன்னால் இருக்கிறதா, அல்லது வேறு டேபில் வேலை செய்கிறார்களா?

டோக்கன்பலகை:

வேறு டேபில் பில் போடுவார்கள். எண் பார்க்க மட்டும் இங்கே வருவார்கள்.

மேற்குமாம்பலம்:

அப்படியானால் அதுதான். 2021 ஜனவரியில் வந்த குரோம் 88 முதல், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் டேபின் டைமர்களை குரோம் நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓடவிடும். பேட்டரி மிச்சம் பிடிக்க. ஒலி எழுப்பும் பக்கத்துக்கும் வெப்ஆர்டிசி (வீடியோ அழைப்பு போன்றவற்றுக்கானது) பயன்படுத்தும் பக்கத்துக்கும் விலக்கு உண்டு, வெப்சாக்கெட்டுக்குக் கிடையாது. உங்கள் 45 வினாடி அங்கே ஒரு நிமிடமாகிவிடுகிறது. என்ஜின்எக்ஸின் வரம்பும் ஒரு நிமிடம். இரண்டும் மல்லுக்கட்டுகின்றன, சில நேரம் இது ஜெயிக்கும், சில நேரம் அது.

துடிப்பைச் சர்வர் பக்கத்திலிருந்து அனுப்புங்கள். வெப்சாக்கெட்டிலேயே அதற்கென்று பிங், பாங் என இரண்டு ஃப்ரேம்கள் இருக்கின்றன. சர்வர் பிங் அனுப்பினால் பிரவுசர் தானாகவே பாங் திருப்பும். உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் எழுந்திருக்கவே வேண்டாம், டேப் தூங்கினாலும் கவலையில்லை. மறுபக்கம் என்னவென்றால், பக்கத்திலிருந்து பிங் அனுப்பவோ, வந்த பிங்கைப் பார்க்கவோ ஜாவாஸ்கிரிப்டுக்கு வழியில்லை. அதனால்தான் பலரும் உங்களைப் போல செட்இன்டர்வல் எழுதுகிறார்கள்.

‘டபிள்யூஎஸ்’ லைப்ரரியின் ரீட்மீயிலேயே மாதிரி இருக்கிறது: 30 வினாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு இணைப்புக்கும் ‘உயிரோடு இருக்கிறதா’ என்ற கொடியை இறக்கிவிட்டு பிங் அனுப்பு, பாங் வந்தால் கொடியை ஏற்று, அடுத்த சுற்றிலும் இறங்கியே இருந்தால் ‘டெர்மினேட்’. கவனியுங்கள், ‘க்ளோஸ்’ அல்ல. க்ளோஸ் என்பது எதிராளியின் பதில் விடைபெறலுக்காகக் காத்திருக்கும். செத்தவர் எப்படிப் பதில் சொல்வார்?

கணக்குப்பிள்ளை:

பெரியவர்கள் பேசுமிடத்தில் ஒரு சந்தேகம். டிவியும் ரிசப்ஷனும் கேட்க மட்டும்தானே செய்கின்றன? அதற்கு எஸ்எஸ்இ (சர்வர் மட்டும் பேசும் ஒருவழி இணைப்பு) போதுமே. பிரவுசரில் அதற்கான ‘ஈவென்ட்சோர்ஸ்’ அறுந்தால் தானே மறுபடி இணையும், கடைசியாக வாங்கிய நிகழ்வின் எண்ணையும் சொல்லும். டாக்டர் பொத்தானுக்குச் சாதாரண எச்டிடிபி போஸ்ட் கோரிக்கை போதும். வெப்சாக்கெட்டில் மறு இணைப்பை நாமே எழுத வேண்டும்.

மேற்குமாம்பலம்:

நியாயமான கேள்வி. முதலிலிருந்து தொடங்கினால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அங்கேயும் அதே 60 வினாடி காத்திருக்கிறது. முக்காற்புள்ளியில் தொடங்கும் கமென்ட் வரியை அடிக்கடி அனுப்ப வேண்டும், என்ஜின்எக்ஸில் பஃபரிங்கை (பதிலைச் சேர்த்துவைத்து அனுப்புவதை) அணைக்க வேண்டும். எச்டிடிபி 1.1ல் ஒரு தளத்துக்கு ஆறு இணைப்புதான் என்பதால், ஒரே பிரவுசரில் ஏழாவது டேப் திறந்தால் திகைத்து நிற்கும். எழுதி ஓடுவதை இதற்காகப் பிரித்துப் போட வேண்டுமா என்பது அவர் இஷ்டம்.

புதுப்பானை:

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எனக்கு 101 வருவதே இல்லை, 400 (தவறான கோரிக்கை) வருகிறது. அதே என்ஜின்எக்ஸ், அதே நோட்.

பின்கதவு:

தனி இழை போட்டிருக்கலாம், பரவாயில்லை. வெப்சாக்கெட்டுக்கு மாறக் கேட்கும் ‘அப்கிரேட்’, ‘கனெக்ஷன்’ இரண்டு ஹெடர்களும் அடுத்த முனை வரைக்கும்தான் செல்லுபடி. என்ஜின்எக்ஸ் அவற்றைத் தானாகப் பின்னால் அனுப்பாது. லொகேஷன் பகுதியில் ‘ப்ராக்ஸி செட் ஹெடர்’ கொண்டு இரண்டையும் நீங்களே எழுதுங்கள், ‘ப்ராக்ஸி எச்டிடிபி வெர்ஷன்’ 1.1 என்றும் போடுங்கள். பழைய பதிப்புகள் பின்னால் 1.0ல்தான் பேசும், அதில் அப்கிரேடே கிடையாது.

டோக்கன்பலகை:

சர்வரிலிருந்து 30 வினாடிக்கு ஒரு பிங் வைத்தாயிற்று. ரிசப்ஷனும் இப்போது அறுபடவில்லை. எஸ்எஸ்இக்கு மாறவில்லை, டாக்டர் பக்கமும் இதே இணைப்பைத்தான் பயன்படுத்துகிறது. ஒன்று பாக்கி: வைஃபை போய்வந்தால் டிவியில் பழைய எண்ணே நிற்கிறது.

மேற்குமாம்பலம்:

மூடியதும் பக்கம் தானே மறுபடி இணைய வேண்டும். 1, 2, 4 வினாடி என்று இடைவெளியைக் கூட்டி 30ல் நிறுத்துங்கள், அதோடு கொஞ்சம் ரேண்டமும் சேருங்கள். இல்லாவிட்டால் சர்வர் ரீஸ்டார்ட் ஆனதும் எல்லாத் திரைகளும் ஒரே நொடியில் வந்து மோதும். இணைந்த உடனே சர்வர் இப்போதைய எண்ணை அனுப்பிவிடட்டும். விட்டுப்போன செய்திகளைத் தேடவே தேவையில்லை, டோக்கனுக்குக் கடைசி எண்தான் முக்கியம்.

வைஃபை போனது பிரவுசருக்கே உடனே தெரியாமல் போகலாம். அதனால் பிங்கோடு கூட, நடப்பு எண்ணையும் சாதாரணச் செய்தியாக 30 வினாடிக்கு ஒருமுறை அனுப்புங்கள். ஒன்றரை நிமிடம் எதுவும் வராவிட்டால் பக்கம் தானே மூடிவிட்டு மறுபடி இணையட்டும்.

டோக்கன்பலகை:

செய்துவிட்டேன் அண்ணா, ரவுட்டரை அணைத்துப் போட்டும் பார்த்தேன், டிவி தானே எழுந்துகொள்கிறது. என்ஜின்எக்ஸை ரீலோட் செய்தபின் ‘ஷட்டிங் டவுன்’ என்று அதன் பழைய வொர்க்கர் (வேலை செய்யும் புராசஸ்) ஒன்று போகாமலே கிடக்கிறதே, அதைக் கொல்லலாமா?

பின்கதவு:

கொல்ல வேண்டாம். உங்கள் டிவி இன்னும் அந்தப் பழைய வொர்க்கர் வழியாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறது, அது முடியும்வரை காத்திருக்கிறது. ‘வொர்க்கர் ஷட்டவுன் டைம்அவுட்’ என்று ஒரு வரியை முதன்மைப் பகுதியில் போட்டு ஒரு நிமிடம் கொடுங்கள், தானே போய்விடும். மறு இணைப்புத்தான் இப்போது இருக்கிறதே.