நிப்பிசிங் போறாக்கள்

அத்தான்: ஆக்களே, நிப்பிசிங் ஏரிக்கு மீன் பிடிக்க வெள்ளி விடிய வெளிக்கிடுறம். ஸ்காபரோ இரைக் கடையில மினோ எண்ட சின்ன இரை மீன் 4 டசின் எடுக்கட்டே? வாளியும் காத்துப் பம்பும் என்னட்டக் கிடக்கு.

பெரியண்ணை: ஐயோ வேண்டாம் அத்தான். 2022 ஜனவரியில இருந்து ஒன்ராறியோவை 4 இரை வலயமாப் பிரிச்சுப்போட்டாங்கள். ரொறன்ரோ ஒரு வலயம், நிப்பிசிங் வேற வலயம். மினோவும் அட்டைப் பூச்சியும் வலயம் தாண்டக் கூடாது. உயிரோட எண்டாலும் சரி, ஐஸில செத்தது எண்டாலும் சரி.

பெரியண்ணை: நோர்த் பேயிலயோ நாங்கள் தங்கிற லொட்ஜ் கடையிலயோ வாங்குவம். பில்லை எறிஞ்சு போடாதேங்கோ, மறிச்சாக் காட்டோணும். வாங்கி 2 கிழமைக்குள்ள பாவிச்சு முடிக்கவும் வேணும். மிஞ்சினதைத் தண்ணியில கொட்டக் கூடாது. கரையில இருந்து 30 மீட்டருக்குள்ளயும் கொட்டக் கூடாது.

தம்பி: மண்புழு கொண்டு வரலாமோ?

பெரியண்ணை: ஓம். கடதாசித் துண்டுகளுக்க போட்டு விக்கிற பெட்டி எண்டால் நல்லது.

மாமா: எனக்கு லைசென்ஸ் எடுக்கோணுமே?

அக்கா: உங்களுக்கு 65 தாண்டிட்டுதெல்லோ மாமா, வேண்டாம். அடையாள அட்டை மட்டும் பொக்கற்றில இருக்கட்டும். 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையளுக்கும் தேவையில்லை.

தம்பி: தந்தையர் தினக் கிழமைதானே அக்கா, எல்லாருக்கும் இலவசம்.

அக்கா: சனி ஞாயிறு மட்டும்தான்டா. வெள்ளி பின்னேரமே தடி போட ஆசை எண்டால் ஒரு நாள் லைசென்ஸ் எடு, அதுக்கு அவுட்டோர்ஸ் கார்ட் எண்ட மீன்பிடி அடையாள அட்டை தேவையில்லை. இலவச நாளில லைசென்ஸ் இல்லாமப் பிடிக்கிறவைக்கு எண்ணிக்கையும் குறைவு.

பெரியண்ணை: அதைத் தெளிவாச் சொல்லுறன். நிப்பிசிங்கில வால்ஐ மீன் 46 செ.மீ.க்குக் கீழ எல்லாம் திரும்ப விடோணும். முழு லைசென்ஸுக்கு 2 வைச்சிருக்கலாம், எண்ணிக்கை குறைஞ்ச கொன்சர்வேஷன் லைசென்ஸுக்கு 1. இலவச நாளுக்கும் அந்த 1 தான். பைக் மீன் முழு லைசென்ஸுக்கு 6, மற்றதுக்கு 2. அதிலயும் பெரிய மீனுக்கு நீளக் கணக்கு இருக்கு, பெரிசு பிடிச்சா முதல் என்னட்டக் காட்டுங்கோ. அளக்கேக்க வாயை மூடி, வாலின்ர ரெண்டு நுனியையும் சேர்த்துப் பிடிச்சு அளக்கோணும். வாலை விரிச்சு அளந்தா 46 வாற மீனும் 45 தான் காட்டும்.

தம்பி: அண்ணை, என்ர ரீலில 20 றாத்தல் தாங்கிற தங்கூசி நூல் சுத்திக் கிடக்கு. காணுமோ?

பெரியண்ணை: பைக்குக்குக் காணும். வால்ஐக்கு அது தடிப்புக் கூடிப்போச்சு. தடிச்ச தங்கூசியில 1/8 அவுன்ஸ் ஜிக் (ஈயத் தலைத் தூண்டில்) நிலத்துக்கு இறங்காது, காத்து நூலை வளைச்சுப் போடும், கடிக்கிறதும் தெரியாது. 10 றாத்தல் பிரெய்ட் (பின்னின நூல்) சுத்தி, முனையில ஒரு 60 செ.மீ. 8 றாத்தல் புளூரோகாபன் நூல் கட்டு. ரெண்டையும் டபுள் யுனி முடிச்சால இணை. இறுக்க முதல் எச்சில் பூசு, காய்ஞ்ச முடிச்சு சூடாகி அறும்.

அத்தான்: ஜிக் என்ன நிறை?

பெரியண்ணை: 3 மீட்டர் ஆழம் வரைக்கும் 1/8 அவுன்ஸ். 5, 6 மீட்டர் எண்டால், இல்லாட்டிக் காத்தில படகு ஓடினால் 1/4. எல்லாரும் பாரமாத்தான் போடப் பாப்பினம், பிறகு கல்லுக்க மாட்டி ஒரு நாளில பத்து ஜிக் போயிடும். நிலத்தைத் தொடுறது விரலுக்குத் தெரியிற ஆகக் குறைஞ்ச நிறைதான் சரி.

தம்பி: அட்டையை எதில கொழுவுறது? நடுவிலயோ?

பெரியண்ணை: நடுவில கொழுவினால் உருண்டு பந்தாப் போடும். அகலமான வால் பக்கத்தில பெரிய உறிஞ்சி இருக்கு, அதுக்கால ஒரே ஒருக்காக் குத்தி எடு. அப்பதான் நீட்டி நீந்தும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டசின் காணும். குழாய்த் தண்ணியில விடாதை, குளோரின் கொண்டு போடும். வாவித் தண்ணி, நிழல், நாளுக்கு ஒருக்கா மாத்து.

பெரியண்ணை: ஜிக்கை 15, 20 செ.மீ. மட்டும் உயர்த்திப் போட்டு, நூலைத் தளர விடாமல் இறக்கு. வால்ஐ இறங்கேக்கதான் எடுக்கும். சுண்டி இழுக்கும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதை, ஈரத்துணி மாட்டின மாதிரி ஒரு பாரம் மட்டும் வரும். அப்ப மெல்லத் தூக்கு.

மாமா: எனக்கு மிதப்புத்தான் சுகம். கதிரையில இருந்து பாக்கலாம்.

அத்தான்: மாமாவுக்கு ஓடுற மிதப்பு நான் கட்டித் தாறன். நூலில முதல் தடை முடிச்சு, பிறகு மணி, பிறகு மிதப்பு, ஈயக்குண்டு, அதில இருந்து ஒரு முழம் கீழ 6ஆம் நம்பர் தூண்டில். மணியை மறந்தால் முடிச்சு மிதப்புக்குள்ளால போயிடும், இரை நிலத்தில படுத்திடும். இரை நிலத்துக்கு ஒரு 30 செ.மீ. மேல தொங்கோணும். மிதப்பு சரிஞ்சு படுத்தா ஈயம் காணாது எண்டு அர்த்தம், இல்லாட்டி ஈயம் தரையில இருக்கு.

அக்கா: வால்ஐ எத்தினை மணிக்கு? பிள்ளையளுக்குச் சாப்பாடு குடுக்கிற நேரம் பாக்கோணும்.

பெரியண்ணை: விடிய 5இல இருந்து 8, பின்னேரம் 7க்குப் பிறகு இருட்டும் வரைக்கும். அதின்ர கண்ணுக்குப் பின்னால ஒளியைத் திருப்பி அடிக்கிற படலம் இருக்கு, மங்கலில மற்ற மீனை விட நல்லாத் தெரியும். காத்து அடிச்சு அலை எழும்பினா மத்தியானமும் எடுக்கும். ஜூன் நடுப்பகுதியில ஆத்து வாயை விட்டிட்டு பாசி ஓரத்துக்கும் கல்லு முனைக்கும் வந்திடும், 2 முதல் 5 மீட்டர். காத்து மோதுற பக்கக் கரையில தொடங்குவம்.

மாமா: அந்த ஷாட்பிளைப் பூச்சி வந்திட்டுதோ?

பெரியண்ணை: வழக்கமா ஜூன் கடைசியில மாமா. நோர்த் பே ரோட்டெல்லாம் மூடிப்போடும். அதின்ர புழு சேத்தில இருந்து மேல ஏறேக்க வால்ஐ வயிறு முட்டத் திண்டிட்டு எங்கட இரையைப் பாக்காது. அப்பிடி எண்டால் சின்ன அட்டை, மிதப்பு, சேறும் கல்லும் சந்திக்கிற இடம்.

தம்பி: பகல் முழுக்கச் சும்மா இருக்கிறதே?

பெரியண்ணை: பகல் பைக்குக்கு. பாசி குடாவில 1 முதல் 3 மீட்டர், சிவப்பு வெள்ளைக் கரண்டித் தூண்டில் 3/4 அவுன்ஸ். கட்டாயம் 30 செ.மீ. கம்பி லீடர் போடு, பல்லுப் பட்டா பிரெய்ட் கத்தியால வெட்டின மாதிரிப் போகும். பின்னால வந்திட்டு எடுக்காட்டி வேகத்தைக் குறைக்காதை, ரெண்டு சுத்து வேகமாச் சுத்திப் போட்டு ஒரு கணம் நிப்பாட்டு. மூண்டு முள்ளுத் தூண்டிலின்ர எதிர்முள்ளைக் குறட்டால நசுக்கி விடு, கழட்ட லேசு. 25 செ.மீ.க்குக் குறையாத குறடு வேணும், வாய்க்குள்ள விரல் வைக்காதை.

அத்தான்: படகு 16 அடி, 20 குதிரை வலு. படகோட்டுற கார்ட் இல்லாத ஆள் ஓட்டுறதெண்டால் லொட்ஜில வாடகைப் பாதுகாப்புப் பட்டியலை நிரப்பிக் கையெழுத்து வைக்கோணும். மோட்டர் ஸ்டார்ட் பண்ணி ரெண்டு மூண்டு நிமிசத்தில நிண்டா முதல் பெற்றோல் தாங்கி மூடியில இருக்கிற காத்துத் திருகைப் பாருங்கோ. பாதிப்பேர் அதைத் திறக்காமல்தான் பிளக்கைக் கழட்டுவினம். பின்னால தண்ணி பீச்சுறது குறைஞ்சா உறிஞ்சு வாயில பாசி, உடன நிப்பாட்டுங்கோ.

பெரியண்ணை: இன்னொண்டு. நிப்பிசிங் சராசரி 4.5 மீட்டர் ஆழம்தான், கிழக்கு மேற்கா நீளம். மேல்காத்து எழும்பினா அரை மணித்தியாலத்தில அலை குத்தும். நடுவுக்குப் போறேல்லை, லைவ் ஜக்கெட் போட்டபடி இருங்கோ.

அக்கா: மீன் வெட்டுறது ஆர்? போன முறை மாதிரி செதிள் எல்லாம் குசினியில வேண்டாம்.

பெரியண்ணை: லொட்ஜில வெட்டுற கொட்டில் இருக்கு. கேபினில தங்கிற எங்களுக்கு அங்க சதை எடுக்கலாம், வள்ளத்தில வைச்சுக் கூடாது. வீட்ட கொண்டு போறதில தோலின்ர பெரிய துண்டு விட்டு வையுங்கோ, என்ன மீன் எண்டு தெரியோணும். ஒண்டா ஐஸ் கட்டியாக்காமல் துண்டு துண்டாப் பையில போடுங்கோ, எண்ண வேணும்.

அக்கா: பைக்கில முள்ளு...

பெரியண்ணை: Y முள்ளு. முதுகுச் சதையை முதுகுச் செட்டை வரைக்கும் தட்டையா எடுத்தா அதில முள்ளில்லை. பிறகு ரெண்டு பக்கமும் முள்ளு வரிசைக்கு வெளிய சீவு, வாலடியில ரெண்டு துண்டு. மொத்தம் 5. ஒட்டியிருக்கிறதை அவிச்சுக் கையால உதிர்த்து கட்லட்டுக்கு எடுங்கோ. வழுவழுப்புப் போக வினாகிரியில கழுவுங்கோ.

அக்கா: வால்ஐயைப் பொரிக்கிறம். பிள்ளையளுக்குச் சின்ன மீன் துண்டுதான், பெரிசில பாதரசம் கூட. ஒன்ராறியோ மீன் வழிகாட்டியில ஏரி, நீளம் போட்டாக் காட்டும். சோறும் சொதியும் நான், எண்ணெய் 3 லீட்டரும் ஐஸ் 4 பையும் அத்தான் வாங்குங்கோ.