மறு: ‘ஃபைட்டர் டிரெய்னிங் ஸ்குவாட்ரன்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கோவைத் தம்பி தன் கலைக்களஞ்சியக் கட்டுரைக்காக, போர் விமானிகளுக்குப் பாடம் நடத்தும் விமானப்படை அணியைக் குறிக்கும் ‘ஃபைட்டர் டிரெய்னிங் ஸ்குவாட்ரன்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார். அதற்கு வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். ‘போர் விமானப் பயிற்சிப் படைப்பிரிவு’ என்பதற்கே ஆதரவு கூடி வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கலைக்களஞ்சியத்தில் ஒரு சொல் ஏறிவிட்டால் பிறகு இறக்குவது பெரும்பாடு என்பதால், காரணத்தை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில், பெயர் வைக்கப்போகும் அணி என்ன செய்கிறது? தம்பி எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்க விமானப்படையின் 435-ஆவது அணி. 1943-இல் உருவானது. 1944-இல் இங்கிலாந்தின் வாட்டிஷாம் தளத்திலிருந்து முதலில் பி-38, பிறகு பி-51 விமானங்களில் ஜெர்மனிக்கு எதிராகப் பறந்தது. வியட்நாம் போரின்போது தாய்லாந்தின் உபோன் தளத்தில் எஃப்-4 பாண்டம் விமானங்களோடு நின்றது. பின்னாளில் டெக்சாஸ் மாநிலத்தின் ராண்டால்ஃப் தளத்தில் டி-38 விமானங்களை வைத்துக்கொண்டு பாடம் நடத்தத் தொடங்கியது. போருக்குப் போய்வந்த அணிக்கே, அதன் எண்ணும் மரபும் மாறாமல், ஆசிரியர் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள்.

அங்கே வந்து சேரும் மாணவர் விமானம் ஓட்டத் தெரியாதவர் அல்லர். சிறகுச் சின்னத்தை ஏற்கெனவே சட்டையில் குத்திக்கொண்ட விமானி. ஏறவும் இறங்கவும் வழியறிந்து செல்லவும் அவருக்குத் தெரியும். எதிரியின் வாலைப் பிடிப்பது, தன் வாலை எதிரியிடமிருந்து காப்பது, துணை விமானத்தை விட்டு விலகாமல் திரும்புவது, தரை இலக்கை நோக்கிச் சரிந்து சுட்டுவிட்டு மேலெழுவது ஆகியவைதான் இங்கே பாடம். உடலையும் பழக்க வேண்டும். விமானம் கடுமையாகத் திரும்பும்போது புவியீர்ப்பைப் போல ஆறு மடங்கு விசை அழுத்தும். ஐந்து கிலோ தலை முப்பது கிலோவாகக் கனக்கும். இரத்தம் கால்பக்கம் இறங்க, பார்வை ஓரங்களிலிருந்து சாம்பல் நிறமாகச் சுருங்கும். கெண்டைக்காலையும் தொடையையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சை அடக்கி, சில நொடிக்கு ஒருமுறை வெடுக்கென விட்டு இழுக்க வேண்டும். இதைச் செய்துகொண்டேதான் கழுத்தைத் திருப்பி எதிரியைத் தேட வேண்டும்.

இப்போது ‘பயிற்சி’க்கு வருகிறேன்.

> பயிற்சி என்றால் எல்லாருக்கும் புரிகிறதே, அதற்கு மேல் ஏன் பிரிக்க வேண்டும்?

மதுரை ஐயா கேட்டது இது. பிரிக்காவிட்டால் நம் நாட்டு விமானப்படையின் வரலாற்றையே தமிழில் எழுத முடியாது ஐயா. பறக்கக் கற்பது ஒரு படி. வான்போர் கற்பது அடுத்த படி. குறிப்பிட்ட ஒரு விமான வகைக்கு மாறுவது மூன்றாம் படி. இந்த நடுப்படிக்குத் தக்க விமானம் நம்மிடம் நெடுங்காலம் இல்லை. கிரண், இஸ்க்ரா போன்ற மெதுவான ஜெட் விமானங்களில் கற்ற இளைஞர்கள், இறங்க வரும்போதே மணிக்கு 300 கிலோமீட்டருக்குக் குறையாத மிக்-21-க்குப் போனார்கள். விபத்துகளை ஆராய்ந்த லா ஃபோன்டெய்ன் குழு, உயர்நிலைப் பயிற்சி ஜெட் வேண்டும் என்று 1982-இலேயே சொன்னது. அத்தகைய ஜெட்டான ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டது 2004-இல். கர்நாடகத்தின் பீதர் தளத்தில் அது முறைப்படி சேர்ந்தது 2008-இல். இடையில் போன உயிர்களை நினைத்தால் மனம் ஆறவில்லை. இந்த வரலாற்றைச் சொல்லும் கட்டுரையில் மூன்று படிக்கும் ‘பயிற்சி’ என்றே எழுதினால், எந்தப் படி விடுபட்டது என்று வாசிப்பவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று, ‘பயிற்சிப் படைப்பிரிவு’ என்றால் பயிற்சி தரும் பிரிவா, பயிற்சியில் இருக்கும் பிரிவா? இரண்டு பொருளும் வருகிறது. ‘பயில்’ தன்வினை, ‘பயிற்று’ பிறவினை. தமிழ்வழிக் கல்வி பற்றிப் பேசும்போது ‘பயிற்சி மொழி’ என்றா சொல்கிறோம்? ‘பயிற்றுமொழி’ என்றுதான் சொல்கிறோம்; ஆசிரியரைப் ‘பயிற்றுநர்’ என்கிறோம். அதே வழியில் ‘பயிற்றணி’ என்று வைக்கலாம். சொல்லும் சிறியது, செய்பவர் யார் என்பதும் தெளிவு.

‘ஸ்குவாட்ரன்’ என்பதற்குப் ‘படைப்பிரிவு’ போதாது. டிவிஷன், பிரிகேட், ரெஜிமெண்ட் எல்லாவற்றையும் நம் நாளிதழ்கள் அந்த ஒரு சொல்லுக்குள் அடைத்துவிட்டன. ‘படையணி’ நல்ல சொல்தான். ஆனால் யாழ்ப்பாணத்து அக்கா சுட்டியது போல இலங்கைத் தமிழில் அது தரைப்படையின் ரெஜிமெண்டுக்கு ஊன்றிவிட்டது. ‘கஜபா படையணி’ என்று எழுதுகிறார்கள். இரு கரையிலும் ஒரே சொல் இரு பொருளில் ஓடுவது வேண்டாம். ‘வானணி’ என்று வைப்போம். 45-ஆவது வானணி, தஞ்சாவூரின் 222-ஆவது வானணி என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கவில்லை.

‘ஃபைட்டர்’தான் சிக்கல். ‘போர் விமானம்’ என்பதில் குண்டுவீச்சு விமானமும் அடங்கிவிடுகிறது. அக்கா தந்த ‘வான்சமர்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் ‘வான்சமர்ப் பயிற்றணி’ என்று சேர்த்து எழுதியதும் ‘சமர்ப்பணம்’ குறுக்கே வருகிறது. சென்னையில் செய்தி வாசிப்பவர் கட்டாயம் அங்கே தடுமாறுவார். ‘வான்போர்’ என்றால் அந்தத் தொல்லை இல்லை. மக்கள் ஏற்கெனவே சொல்லும் ‘போர் விமானம்’ முன்னால் ஓர் அசை சேர்ந்து ‘வான்போர் விமானம்’ ஆகிறது, அவ்வளவுதான். தரைத் தாக்குதலும் பாடத்தில் உண்டே என்ற கேள்விக்கு: அந்தத் தாக்குதலும் வானிலிருந்துதானே நடக்கிறது, சொல் அதையும் தாங்கும்.

ஆகவே என் பரிந்துரை ‘வான்போர்ப் பயிற்றணி’. முதற்படிக்குப் ‘பறப்புப் பயிற்றணி’, மூன்றாம் படிக்கு ‘வகைமாற்றுப் பயிற்றணி’.

> தாம்பரத்தில் இருப்பதும் இதுதானா?

குழுவில் எழுந்த இன்னொரு கேள்வி இது. இல்லை. நான் குடியிருக்கும் சேலையூருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இருப்பது பறக்கும் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி. 1948-இல் அம்பாலாவில் தொடங்கி 1954-இல் இங்கே வந்தது. பயிற்றுபவரைப் பயிற்றும் இடம் என்பதால் ‘பறப்புப் பயிற்றுநர் பள்ளி’ என்பதே சரி. 2024 அக்டோபரில் மெரினாவில் நாம் அண்ணாந்து பார்த்த சூரிய கிரண் வான்சாகசக் குழுவின் சிவப்பு வெள்ளை விமானங்களும் ஹாக்தான்; பயிற்று விமானம் என்று அவற்றையும் குறிக்கலாம்.

சொல் ஓடுகிறதா என்று பார்க்க, கட்டுரையின் முதல் பத்தியை எழுதிப் பார்த்தேன்:

“435-ஆவது வான்போர்ப் பயிற்றணி, சிறகுச் சின்னம் பெற்ற விமானிகளுக்கு வான்போரின் அடிப்படைகளைக் கற்பிக்கிறது. அப்பாடத்தைக் கற்பிக்கவல்ல பயிற்றுநர்களையும் இவ்வணியே உருவாக்குகிறது. இரண்டாம் உலகப் போரிலும் வியட்நாம் போரிலும் இது வான்போர் வானணியாகச் செயல்பட்டது.”

கடைசி வரியில் ‘வான்’ இரண்டு முறை வருவது காதில் இடிக்கிறது. ‘போர் வானணி’ என்று சுருக்கலாமா, வேறு வழி உண்டா என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். விமானப்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற இருவர் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். தமிழ் வீரர்கள் தங்களுக்குள் இவற்றை எப்படிச் சொல்லிக்கொள்வார்கள் என்று அவர்கள் எழுதினால், அதைக் கேட்டபின் தம்பி கட்டுரையை ஏற்றலாம்.

அன்புடன்,
சேலையூரிலிருந்து