நெற்றி சைனஸ் ஒரு பக்கம் இல்லையாம், பயப்படணுமா?

நன்னிலத்தான்:
தம்பிக்கு வயது 31. சம்பா அறுப்பு தொடங்கியதிலிருந்து மெஷின் பின்னாலேயே நிற்கிறான், வைக்கோல் தூசியில் ஓயாத தும்மல், கூடவே புருவத்துக்கு மேலே இடது பக்கம் விண்விண் என்று வலி. திருவாரூரில் சைனஸ் எக்ஸ்ரே எடுத்தோம். இடது நெற்றி சைனஸ் வளரவில்லை, வலது சிறியது என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறார்கள். டாக்டரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும். அம்மா அதற்குள் வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டுவிட்டாள். இது பிறவிக் குறையா? ஆபரேஷன் ஏதும் வேண்டியிருக்குமா?

லைட்பாக்ஸ்:
தஞ்சாவூரில் எக்ஸ்ரே எடுப்பதுதான் என் வேலை, வைத்தியம் சொல்வது டாக்டர் வேலை. ஆனால் இதற்குப் பயப்பட ஒன்றுமில்லை அண்ணே. நெற்றி சைனஸ் என்பது நெற்றி எலும்புக்குள் இருக்கிற காற்றறை, அவ்வளவுதான். இடதும் வலதும் தனித்தனியாக வளர்வதால் இரண்டும் ஒரே அளவில் இருப்பதுதான் அபூர்வம். நடுத்தடுப்பு ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும், சிலருக்கு ஒரு பக்கம் அறையே இருக்காது, சிலருக்கு இரண்டுமே இருக்காது. இல்லாத இடத்தில் முழுக்க எலும்பு இருக்கும், ஓட்டை எதுவும் கிடையாது.

படத்தில் காற்று கறுப்பாகவும் எலும்பு வெள்ளையாகவும் விழும். சீழ் கோத்த அறையும் வெளுத்துத்தான் தெரியும், அதனால்தான் குழப்பம். அறை இருந்தால் நெளிநெளியான ஓரக்கோடு ஒன்று மங்கலாகவாவது தெரியும், அந்தக் கோடே இல்லையென்றால் அறை வளரவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சந்தேகம் இருந்தால் சிடி ஸ்கேன்.

கடலோரக்காரி:
நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொல்லுங்கள், இரண்டு நாளில் இறங்கிவிடும்.

பிரேத அறை:
ஆவி மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும், சரி. ஆனால் இடது பக்கம் அறையே இல்லாதபோது அங்கே சீழ் எப்படிக் கட்டும்? பக்கத்து சைனஸாக இருக்கலாம், ஒற்றைத் தலைவலியாகவும் இருக்கலாம். சைனஸ் வலி என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் நிறையப் பேருக்கு அதுதான். இதை டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். காய்ச்சல், வாந்தி, கண்ணைச் சுற்றி வீக்கம், இதில் எது வந்தாலும் திங்கட்கிழமை வரை காத்திருக்கக் கூடாது.

அப்புறம், ஃபிலிமைத் தூக்கிப் போடாதீர்கள். நான் தடயவியல் மருத்துவம் படிக்கிறேன். நெற்றி சைனஸின் ஓரமும் மடிப்பும் கைரேகை மாதிரி, ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்குக்கூட ஒத்துப்போகாது. பழைய எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டு இறந்தவரை அடையாளம் கண்டதை கல்பர்ட், லா என்ற இருவர் 1927லேயே எழுதிவிட்டார்கள்.

நன்னிலத்தான்:
உயிரோடு இருக்கிறவனுக்குக் கேட்டால் நீங்கள் எங்கேயோ போய்விட்டீர்களே சார்! நன்றி, அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தம்பி மகனுக்கு நாலு வயது, அடிக்கடி சளி பிடிக்கிறது. அவனுக்கும் ஒரு படம் எடுத்துவிடலாமா?

லைட்பாக்ஸ்:
வேண்டவே வேண்டாம். பிறக்கும்போது நெற்றி சைனஸே இருக்காது, எக்ஸ்ரேயில் கண்ணுக்குத் தெரிய ஆறேழு வயதாவது ஆகும், இருபது வரை வளர்ந்துகொண்டே போகும். இப்போது எடுத்தால் அவன் ரிப்போர்ட்டிலும் "வளரவில்லை" என்றுதான் வரும், அம்மா இன்னொரு கோயிலுக்கு வேண்டிக்கொள்வார்கள்.