அருவிப் படத்தில் தண்ணீர் வெறும் வெள்ளையாகிறது, பாறையும் தெளிவாக இல்லை: எதை மாற்றுவது?

கேட்டவர்

வணக்கம். மலையோடை, சின்ன அருவி, பாறைமேல் வழிகிற தண்ணீர், இதையெல்லாம் படம் எடுக்க எனக்கு மிகவும் பிடிக்கும். தண்ணீர் இழை இழையாக இறங்குவது தெரியவேண்டும், பக்கத்துப் பாறையும் பாசியும் கூர்மையாக இருக்கவேண்டும். அப்படி ஒரு படம்கூட இன்னும் அமையவில்லை.

என்னிடம் இருப்பது ஏ.பி.எஸ்.சி. (முழு அளவைவிடச் சிறிய) சென்சார் உள்ள டி.எஸ்.எல்.ஆர். கேமரா, கூடவே வந்த 18-55 லென்ஸ், ஒரு ட்ரைபாட், திருகித் திருகி இருட்டாக்கிக்கொள்ளும் வேரியபிள் என்.டி. ஃபில்டர். கடைசியாக எடுத்த படங்களின் விவரம்: காலை 11 மணி, நல்ல வெயில், 18 எம்.எம்., ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, எஃப் 22 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறிதாகும்), ஷட்டர் 1 விநாடி, ஜேபெக்.

என்ன பிரச்சினை என்றால், தண்ணீர் விழும் இடம் முழுக்க வெள்ளையாகிவிடுகிறது. கணினியில் எவ்வளவு இருட்டாக்கினாலும் சாம்பல் நிறம்தான் வருகிறதே தவிர இழை எதுவும் தெரியவில்லை. ட்ரைபாட் போட்டும் பாறை மங்கலாக இருக்கிறது. சில படங்களில் நடுவே பெருக்கல் குறி மாதிரி ஒரு இருட்டுத் திட்டு விழுகிறது. இலைகள் பச்சைப் பூச்சாக இழுபடுகின்றன. லென்ஸை மாற்ற வேண்டுமா, ஃபில்டரை மாற்ற வேண்டுமா?

பதில் 1

இரண்டையும் மாற்ற வேண்டாம். முதலில் நேரத்தை மாற்றுங்கள்.

வெயில் நேராக விழும்போது நுரைத்த தண்ணீருக்கும் நனைந்த கரும்பாறைக்கும் வெளிச்ச வித்தியாசம் மிக அதிகம். பாறைக்கு ஏற்ற அளவை கேமரா தேர்ந்தெடுத்தால் தண்ணீர் சென்சாரின் எல்லையைத் தாண்டிவிடும். அங்கே விவரமே பதிவாகவில்லை என்பதால்தான் பிறகு இருட்டாக்கினாலும் எதுவும் திரும்பவில்லை. மேகம் மூடிய பகலில், அல்லது சூரியன் மலைமுகட்டுக்குப் பின்னால் இருக்கும் அதிகாலையிலும் மாலையிலும் போனால் இந்த வித்தியாசம் பெருமளவு குறைந்துவிடும். தூறலும் நல்லதுதான்: பாசியின் பச்சை அப்போதுதான் முழுதாகத் தெரியும்.

இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. மேகமூட்டத்தில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11 வைத்தால் ஷட்டர் சுமார் 1/15 விநாடிக்கு வந்து நிற்கும். அடர்ந்த மரநிழலில் 1/4 வரை தானாகவே இறங்கும். அதன்மேல் பளபளப்பை அடக்கும் போலரைசர் ஃபில்டர் ஒன்று போட்டால் இன்னும் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) குறையும். ஆக, என்.டி. ஃபில்டர் இல்லாமலே உங்களுக்கு வேண்டிய வேகம் கிடைத்துவிடுகிறது.

போலரைசரின் பெரிய உபயோகம் வேறு. ஈரப் பாறை, ஈர இலை, ஓடையின் மேற்பரப்பு எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைப் பளபளப்பு படிந்திருக்கும். வளையத்தைத் திருப்பத் திருப்ப அது மறைந்து, இலையின் பச்சையும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல்லும் வெளியே வரும். நீர்ப்பரப்பைச் சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது இந்த விளைவு உச்சத்தில் இருக்கும். கணினியில் செய்து வரவழைக்க முடியாத ஒரே ஃபில்டர் வேலை இதுதான் என்பேன். அருவிப் படத்துக்கு ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால் போலரைசரைத்தான் வாங்கச் சொல்வேன்.

அந்தப் பெருக்கல் குறியும் இதோடு சம்பந்தப்பட்டதுதான். வேரியபிள் என்.டி. என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு போலரைசர்கள். அதிகபட்ச இருட்டுக்குப் பக்கத்தில் திருகும்போது, அதுவும் 18 எம்.எம். மாதிரி அகலக் கோணத்தில், அவை படம் முழுவதையும் ஒரே அளவாக மறைக்காது. வளையத்தைக் கொஞ்சம் பின்னால் திருப்பினாலே திட்டு போய்விடும். கண்டிப்பாக அவ்வளவு இருட்டு வேண்டுமென்றால் 6 ஸ்டாப் நிலையான என்.டி. ஒன்று போதும். அது ஷட்டரை 64 மடங்கு நீட்டும்: 1/60 இருந்தது 1 விநாடி ஆகும்.

பதில் 2

மங்கல் பற்றி நான் சொல்கிறேன். படத்தை 100 சதவீதம் பெரிதாக்கி, எங்கே எப்படி மங்கல் என்று பாருங்கள். காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

படம் முழுக்க ஒரே சீராக மென்மையாக இருந்தால் அது எஃப் 22 செய்த வேலை. துளை அவ்வளவு சிறியதானால் ஒளி விளிம்பில் வளைந்து பரவுகிறது, நுண் விவரம் கரைந்துபோகிறது. ஏ.பி.எஸ்.சி. சென்சாரில் எஃப் 8 முதல் எஃப் 11 வரை நிறுத்திக்கொள்ளுங்கள். 18 எம்.எம்.மில் எஃப் 11 வைத்தாலே முன்னால் இருக்கும் கல்லிலிருந்து பின்னால் இருக்கும் அருவி வரை கூர்மை வந்துவிடும்.

பாறையின் ஓரங்கள் ஒரு பக்கமாக இழுத்த மாதிரி, அல்லது இரட்டையாகத் தெரிந்தால் கேமரா அசைந்திருக்கிறது. ட்ரைபாட் மேல் வைத்ததும் லென்ஸின் ஸ்டெபிலைசரை (கை அசைவை ஈடுகட்டும் வசதி) அணைத்துவிடுங்கள். ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 விநாடி டைமர் வையுங்கள். லைவ் வியூவில் (பின் திரையைப் பார்த்து) எடுங்கள், கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி ஏற்கெனவே மேலே போயிருக்கும். 1/30 முதல் 1 விநாடிக்குள் கண்ணாடி அடிக்கும் அதிர்வு படத்தில் நன்றாகவே தெரியும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், காற்றில் ஆடி கேமராவையும் ஆட்டும். ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம். ஒரு கால் ஓடும் தண்ணீரில் நின்றால் அதிர்வு மேலே ஏறும். கரையில் இடமில்லை என்றால் காலை ஓடைப் படுகையில் அழுத்தி, கல்லிடுக்கில் ஊன்றி, சில விநாடி விட்டுவிட்டு எடுங்கள்.

பாறை கூர்மை, இலை மட்டும் இழுபட்டிருக்கிறது என்றால் காற்று. அருவி பெரியதானால் விழும் தண்ணீரே காற்றைத் தள்ளிக்கொண்டு வரும், அதனால் பக்கத்துச் செடிகள் நிற்கவே நிற்காது. அதே இடத்திலிருந்து ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு ஏற்றி இன்னொரு படம் எடுங்கள். 1/4 விநாடி 1/60 ஆகிவிடும், இலை ஓரளவு நிற்கும். பிறகு இலையை அதிலிருந்தும் தண்ணீரை மெதுவான படத்திலிருந்தும் எடுத்துச் சேர்க்கலாம்.

அங்கங்கே வட்டத் திட்டாக மங்கல் என்றால் லென்ஸ்மேல் சாரல் துளி. எடுத்த ஒவ்வொரு படத்தையும் அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள், வீட்டுக்கு வந்து பார்த்துப் பயனில்லை.

பதில் 3

மேலே இருவரும் சொன்னது சரி. 1 விநாடிதான் வேண்டும் என்று ஏன் முடிவு செய்தீர்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

ஷட்டர் வேகத்தைத் தண்ணீர்தான் தீர்மானிக்க வேண்டும். உயரத்திலிருந்து கொட்டும் அருவியில் 1 விநாடிக்குள் நூற்றுக்கணக்கான இழைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, இழை என்ற அடையாளமே போய்விடுகிறது. அதுதான் உங்கள் வெள்ளைப் பரப்பின் மறுபாதிக் காரணம். அங்கே 1/8, 1/4 விநாடியில் இழையும் தெரியும், விழுகிற வேகமும் தெரியும். பாறைமேல் மெல்ல வழிகிற ஓடைக்கு 1/2 முதல் 2 விநாடி வரை போகலாம். சுழலில் நுரையோ உதிர்ந்த இலையோ சுற்றிக்கொண்டிருந்தால் 10, 20 விநாடிகூட அழகாக வரும், அந்தச் சுற்றே வட்டக் கோடாகப் பதிவாகும். வெள்ளப்பெருக்கில் பாறையில் மோதிச் சிதறும் தண்ணீருக்கு 1/1000. அந்த வலிமையை மெதுவான ஷட்டர் அழித்துவிடும்.

நிற்கும் இடமும் கணக்கில் வரும். தண்ணீர் படத்தின் குறுக்கே ஓடினால் சீக்கிரம் கோடாகும். உங்களை நோக்கி ஓடி வந்தால் அதே அளவு கோடாக அதிக நேரம் எடுக்கும். ஜூம் செய்து ஒரு சிறு பகுதியை மட்டும் எடுக்கும்போது அது இன்னும் வேகமாகக் கோடாகும். அதனால் ஒரே இடத்தில் 1/15, 1/8, 1/4, 1/2, 1 என்று வரிசையாக எடுத்து, அங்கேயே திரையில் ஒப்பிட்டுப் பாருங்கள். கொஞ்ச நாளில் தண்ணீரைப் பார்த்ததுமே வேகம் மனதுக்கு வந்துவிடும்.

அப்புறம், ஜேபெக்கை விட்டுவிட்டு ரா கோப்பில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுங்கள். திரையில் ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டு வையுங்கள், வெளுத்த இடம் மினுங்கிக் காட்டும். தண்ணீரில் மினுங்கல் நிற்கும் வரை எக்ஸ்போஷரைக் குறைத்துவிட்டு, பாறையின் இருட்டைப் பிறகு ராவில் தூக்கிக்கொள்ளலாம். ஒரு சொட்டு மினுங்கினால் பரவாயில்லை, அருவி முழுதும் மினுங்கக் கூடாது.

கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. மேகம் மூடிய காலையில் போய், எஃப் 11, போலரைசர், ரா, லைவ் வியூ என்று நீங்கள் சொன்னபடியே எடுத்தேன். 1/4 விநாடியில் இழை இழையாக வந்திருக்கிறது! பாறையும் கூர்மை. வெள்ளைப் பிரச்சினை தீர்ந்துவிட்டது.

இன்னும் மூன்று சந்தேகம். படம் முழுக்க ஒரு நீலம் ஓடுகிறது. அருவிக்கு நெருங்கி எடுத்ததில் எல்லாம் சாரல் துளி. வெயிலில் மட்டுமே போக முடிகிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கே நிலையான என்.டி. வாங்காமல் சமாளிக்க வழி உண்டா?

பதில் 2

நீலம் ஃபில்டரால் வந்ததாகத் தெரியவில்லை. மேகமூட்டத்திலும் நிழலிலும் வெளிச்சம் நேர் வெயிலைவிட நீலமாக இருக்கும். ராவில் ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலை) 6500 முதல் 7500 கெல்வின் வரை நகர்த்திப் பாருங்கள். தண்ணீரில் இருக்கும் நீலத்தை முழுதாகத் துடைத்துவிடாதீர்கள். கொஞ்சம் இருந்தால்தான் குளிர்ச்சி தெரியும், பாறையின் பழுப்பும் எடுப்பாக நிற்கும். பனிப்பாறை உருகி வரும் ஓடையாக இருந்தால் தண்ணீர் உண்மையிலேயே பால்நீலமாகத்தான் இருக்கும், பனிப்பாறை அரைத்த நுண்தூள் அதில் மிதப்பதால். அதைத் திருத்தப் போகக் கூடாது.

சாரலுக்கு: கேமராவைப் பொருத்தி, ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றும் வரை லென்ஸைத் துணியால் மூடியே வையுங்கள். டைமரை அழுத்திய பிறகு துணியை எடுத்து ஒருமுறை துடையுங்கள், ஷட்டர் மூடியதும் திரும்ப மூடுங்கள். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி ஒன்றுக்கு மேல் வேண்டும், ஈரத் துணி துளியைப் பரப்பத்தான் செய்யும். காற்று உங்கள் பக்கம் வீசினால் காத்திருங்கள், இல்லையென்றால் பின்னால் போய் ஜூம் செய்து எடுங்கள். பல சமயம் அந்தப் படமே நன்றாக இருக்கிறது.

பதில் 1

வெயில் இடத்துக்கு வழி இருக்கிறது. ட்ரைபாடை அசைக்காமல் 1/15 விநாடியில் 16 படங்கள் தொடர்ச்சியாக எடுங்கள். 1/15க்கு இறங்க முடியவில்லை என்றால் உங்கள் வேரியபிள் என்.டி.யைப் பாதி திருகிப் போட்டுக்கொள்ளுங்கள், பாதியில் திட்டு வராது. வீட்டுக்கு வந்து 16 படங்களையும் லேயராக அடுக்கி, சராசரி எடுத்தால் தண்ணீர் கிட்டத்தட்ட 1 விநாடி எடுத்த மாதிரி வரும். எளிய லேயர் மென்பொருளிலும் முடியும்: அடி லேயர் 100 சதவீதம், அடுத்தது 50, அடுத்தது 33, அடுத்தது 25 என்று ஒளிபுகும் அளவை இறக்கிக்கொண்டே போக வேண்டும். சராசரியால் இரைச்சலும் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான கரடுமுரடு) நான்கில் ஒரு பங்காகக் குறையும், அதனால் பாறையின் இருட்டைத் தூக்கும்போது அழுக்காகாது. நான்கைந்து படங்கள் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள், கோடுகள் விட்டுவிட்டுத் தெரியும். ஒவ்வொரு படத்திலும் ஹைலைட் வெளுக்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம். வெளுத்த 16 படங்களின் சராசரியும் வெளுப்புதான்.

வெயில் இருக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால், உங்கள் தலை நிழலிலிருந்து சுமார் 42 டிகிரி தள்ளி, சாரலில் வானவில் தெரியலாம். வானவில் ஒளி போலரைசர் வழியே மறைந்தும் போகும், தூக்கலாகவும் தெரியும். வளையத்தை மெதுவாகத் திருப்பி, நிறம் உச்சத்தில் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

பதில் 3

நெருங்கிப் போகிறீர்கள் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். படம் எடுக்கிற கவனத்தில் மேலே மலையில் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தவறுகிறோம். நீங்கள் நிற்கும் இடத்தில் மழை இல்லாமலே தண்ணீர் திடீரென்று ஏறும். தெளிந்த ஓடை கலங்கினாலோ, சருகும் குச்சியும் அடித்துவர ஆரம்பித்தாலோ, இரைச்சல் மாறினாலோ ட்ரைபாடை மடக்கக்கூட நிற்காமல் கரை ஏறுங்கள். ஓடைக்கு நடுவே இருக்கும் பாறைத் திட்டில் பையை வைக்காதீர்கள், எடுக்கப் போகும் நேரத்தில்தான் சிக்குவோம். அருவியின் உச்சி விளிம்புக்குப் போகவே வேண்டாம். அங்கே காய்ந்த மாதிரி தெரியும் பாறையிலும் பாசி இருக்கும். கீழிருந்து எடுக்கும் கோணமே உயரத்தை நன்றாகக் காட்டும்.

கேட்டவர்

சரி, வெயில் இடத்துக்கு இந்த வாரமே போகிறேன். 16 படம் அடுக்கும் முறையைச் செய்து பார்த்துவிட்டு, தனித்தனியாக எடுத்த ஒன்றையும் சேர்த்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இங்கேயே போடுகிறேன். கோடு விட்டுவிட்டு வந்தால் படங்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்கிறேன்.