மீன்பிடித் தடைக்காலத்தில் காரப்பொடி மீன் எங்கிருந்து வருகிறது?

தண்டையார்பேட்டை மருமகள்:
விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாத மே மாதம். ஆனால் காசிமேடு மீன் சந்தையில் காரப்பொடி கூறு கூறாகக் கிடக்கிறது. ஐஸில் வைத்த பழைய மீன் என்று மாமியார் தொடமாட்டேன் என்கிறார். எனக்கு என்னவோ புதுசாகத்தான் தெரிகிறது. இது ஆழ்கடல் மீனா, கரையோர மீனா?

ஃபைபர்காரன்:
தைரியமாக வாங்கு தங்கச்சி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான், எங்கள் ஃபைபர் படகுக்கு இல்லை. காரப்பொடிக்காக ரொம்ப தூரம் ஓடவும் வேண்டாம். சேறும் மணலும் கலந்த ஆழம் குறைந்த தரைதான் அதற்கு வீடு. பகலில் அடியை ஒட்டிக் கூட்டமாக மேயும்.

வாயை மெதுவாக இழுத்துப் பார், குழாய் மாதிரி நீளும். சிலதுக்கு மேல்நோக்கி, சிலதுக்குக் கீழ்நோக்கி. இரண்டும் வேறு வேறு சாதி. கூறு வைக்கும்போது யார் பிரிக்கிறார்கள்! நீ பார்க்க வேண்டியது உடம்பு வழவழப்பையும் கண்ணையும்தான். காய்ந்து, கண் குழி விழுந்திருந்தால் கருவாட்டுக்குத்தான் ஆகும்.

விலங்கியல் மாணவி, திருவொற்றியூர்:
அண்ணன் சொல்லாத ஒன்று: இந்த மீன் வெளிச்சம் விடும்! தொண்டைக்குள் உணவுக்குழாயைச் சுற்றி ஓர் உறுப்பு, அதற்குள் ஒளிரும் பாக்டீரியா குடியிருக்கிறது. போட்டோபாக்டீரியம் லியோக்னாதி என்று இந்த மீன் குடும்பத்தின் பெயரையே அதற்கும் வைத்திருக்கிறார்கள். அந்த ஒளி காற்றுப்பையில் பட்டு வயிற்றுப் பக்கமாக இறங்கும். மேலேயிருந்து வரும் வெளிச்சத்தோடு அது கலந்துவிடுவதால், கீழேயிருந்து பார்க்கும் பெரிய மீனுக்கு இதன் நிழல் தெரியாது. சில வகைகளில் ஆணின் உறுப்பு பெண்ணுடையதைவிடப் பெரிது. ஜோடி தேடவும் விளக்கு போடுகிறது போல.

தண்டையார்பேட்டை மருமகள்:
இத்தனை நாள் விளக்கையா வறுத்துத் தின்றோம்? சரி, எண்ணூர் பக்கம் பிடித்ததென்று ஒருவர் விலை குறைத்துத் தருகிறார். வாங்கலாமா?

ஃபைபர்காரன்:
எண்ணூரில் கடலில் பிடித்ததா, ஆற்றில் பிடித்ததா என்று கேள். முகத்துவாரம் வழியாகப் பொடிசுகள் கொசஸ்தலை ஆற்றுக்குள் ஏறும், அது எப்போதும் நடப்பதுதான். ஆனால் அங்கே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது, 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து சேர்ந்தது. அடியில் மேய்கிற மீன் அம்மா இது. கடல் மீன் என்றால் வாங்கு, ஆற்று மீன் என்றால் நான் வாங்க மாட்டேன். விலையைப் பார்க்காதே.